புத்தகம் தேடி வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் அவுட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், ஆதார் நகல். இதற்கு நடுவில் எப்படியோ 'புத்தகம் தேடிக் கொடுக்கிற அண்ணாச்சி' என்று ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. கல்லூரிப் பையன் ஒருவனுக்கு ஒரு பழைய கதையைத் தேடிப் பிடித்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவன் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். ஒரே பதிலைக் கவுண்டரில் நின்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

1. "அண்ணாச்சி, போன்ல படிக்கதுக்கு நல்லதா ஏதாவது சொல்லுங்க. எதுனாலும் சரி."

'எதுனாலும் சரி' என்கிறவருக்கு எதைக் கொடுத்தாலும் சரிப்படாது என்பது என் அனுபவம். அதனால் நான் திருப்பிக் கேட்பது: கடைசியாக எதைப் படித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது? பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த கதையாக இருக்கலாம், வார இதழில் வந்த பேட்டியாக இருக்கலாம். அந்தப் பதில் வந்துவிட்டால் மிச்சம் சுலபம்.

பதிலே வராதவர்களுக்கு ஒரு வழி உண்டு. நாவலில் தொடங்காதீர்கள், போனில் நாவல் படிக்க ஆரம்பித்தவர்களில் பாதிப் பேர் மூன்றாம் அத்தியாயத்தில் கரையேறிவிடுகிறார்கள். சிறுகதையில் தொடங்குங்கள். ஜங்ஷனில் பஸ் ஏறி சமாதானபுரத்தில் இறங்குவதற்குள் ஒன்று முடிந்துவிடும். அதிலும் முதலில் நம்ம ஊர்க்காரர்களைப் படியுங்கள். புதுமைப்பித்தன், வண்ணதாசன், வண்ணநிலவன், இடைசெவல்காரர்களான கி.ரா.வும் கு. அழகிரிசாமியும், தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து நெல்லையில் வாழ்ந்த தோப்பில் முகமது மீரான். நம் வீட்டில் பேசுகிற பேச்சு அச்சில் வருவதைப் பார்த்ததுமே படிப்பதில் இருக்கிற பயம் பாதி போய்விடும். 'அழியாச் சுடர்கள்', 'சிறுகதைகள் டாட் காம்' இரண்டிலும் பழைய கதைகள் நிறைய இருக்கின்றன. இணைய இதழ் வேண்டுமென்றால் 1999 முதல் வரும் திண்ணை, 2009 முதல் வரும் சொல்வனம்.

ஒரு கதை பிடித்ததும் அதே எழுத்தாளரின் இன்னும் இரண்டைப் படியுங்கள். பிறகு அவர் தன் கட்டுரைகளிலும் பேட்டிகளிலும் யாரை வியந்து பேசுகிறார் என்று பாருங்கள். அடுத்து படிக்க வேண்டியவர் அவர்தான். 'கட்டாயம் படிக்க வேண்டிய 100 நூல்கள்' மாதிரிப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் இரண்டாவது தடவை புத்தகம் கேட்டு என் கடைக்கு வந்ததில்லை.

2. "துட்டு கட்டாம முழு புஸ்தகம் படிக்க முடியுமா? அது திருட்டு ஆகாதா?"

முடியும், திருட்டும் ஆகாது. தமிழ்நாட்டில் 'நாட்டுடைமை' என்று ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. எழுத்தாளருக்கோ வாரிசுக்கோ அரசு ஒரு தொகை கொடுத்து, அவர் எழுத்துகளைப் பொதுச்சொத்தாக்கிவிடும். 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கியதில் இது தொடங்கியது. புதுமைப்பித்தன் படைப்புகள் 2002இல் நாட்டுடைமை ஆயின. நம் பாளையங்கோட்டை தொ. பரமசிவன் நூல்களும் அப்படியே. இவற்றை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், இணையத்தில் ஏற்றலாம், நீங்கள் தாராளமாக இறக்கலாம்.

எங்கே கிடைக்கும்? 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நாவல் வரை தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களின் ஸ்கேன் கிடைக்கும். விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் எழுத்துவடிவில் இருக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் 2013 முதல் நடக்கிறது; எழுத்தாளர்களே அனுமதி கொடுத்த புத்தகங்கள் அங்கே. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம். எல்லாவற்றிலும் தேடி ஓய்ந்த பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ். அது ஒரு பெரிய குடோன். சாமான் இருக்கும், எந்த மூலையில் என்று நாம்தான் துழாவ வேண்டும்.

3. "வாட்ஸ்அப் குரூப்ல நூறு பி.டி.எஃப் வந்திருக்கு. அதுவும் அப்படித்தானே?"

அப்படி இல்லை. நம் சட்டப்படி எழுத்தாளர் காலமான ஆண்டுக்கு அப்புறம் 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. தோப்பில் முகமது மீரான் 2019இல் காலமானார். இடையில் அரசு நாட்டுடைமை ஆக்கினால் ஒழிய, 2079 முடியும்வரை அவர் புத்தகங்கள் குடும்பத்துக்கு உரியவை. போன வருஷம் வெளிவந்த நாவலின் பி.டி.எஃப் உங்கள் குரூப்பில் சுற்றுகிறது என்றால் யாரோ ஒரு காப்பி வாங்கி ஸ்கேன் பண்ணிவிட்டார் என்று அர்த்தம்.

நான் அப்படிப்பட்டதைப் பிரிண்ட் போடுவதில்லை. 'ஒரு காப்பிதானே அண்ணாச்சி' என்பார்கள். தமிழில் ஒரு நாவல் சில நூறு காப்பி விற்பதே பெரும்பாடு. அந்தச் சில நூறில் ஒன்று இது. இன்னொரு விஷயமும் கவனித்திருக்கிறேன். நூறு பி.டி.எஃப் வைத்திருக்கிறவர் ஒன்றைக்கூட முடித்திருக்க மாட்டார். நான் கேட்ட மட்டில் ஒருவரும் முடித்ததாகச் சொல்லவில்லை.

4. "எழுத்து எறும்பு மாதிரி இருக்கு தம்பி. கண்ணாடி போட்டாலும் தெரியல."

பி.டி.எஃப் என்பது காகிதத்தின் போட்டோ மாதிரி. ஏ4 பக்கத்தைச் சின்னத் திரைக்குள் அடக்கினால் எறும்பாகத்தான் தெரியும். 'இ-பப்' என்று ஒரு வகைக் கோப்பு இருக்கிறது. அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கி அடுத்த வரிக்கு வந்துவிடும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸில் ஒரே புத்தகத்தை இ-பப்பாகவும், ஆறு அங்குலத் திரைக்கான பி.டி.எஃப்பாகவும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். கிண்டிலிலும் 2016 முதல் தமிழ் வருகிறது. ஸ்கேன் நூல் மட்டுமே இருக்கிறது என்றால் போனைப் படுக்கவைத்துப் பிடித்துப் படியுங்கள், வேறு வழியில்லை.

5. "பேரைச் சரியாத்தான் அடிக்கேன். ஒண்ணும் வர மாட்டேங்கு."

நீங்கள் சரியாக அடித்திருப்பீர்கள், ஏற்றியவர் சரியாக ஏற்றியிருக்க மாட்டார். முதல் சந்தேகம் ஒற்றெழுத்து. 'புதுமைப்பித்தன்' என்று தேடிக் கிடைக்காதது 'புதுமை பித்தன்' என்று பிரித்தும் ஒற்று விட்டும் அடித்தால் வரும். இரண்டாவது முதலெழுத்து: தொ.பரமசிவன், தொ. பரமசிவன், பரமசிவன் தொ, வெறும் தொ.ப. நான்கும் நான்கு இடங்களில் இருக்கின்றன. மூன்றாவது, தலைப்பு ஒரே சொல்லா இரண்டு சொல்லா என்பது. கிடைக்காவிட்டால் தலைப்பை விட்டுவிட்டு உள்ளேயிருந்து நினைவிருக்கும் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்.

ஆங்கில எழுத்தில் பட்டியல் போட்ட நூலகங்களில் இன்னொரு தொல்லை. 'ழ'வை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி. ஊர்ப்பெயரும் அப்படித்தான். நம் மாவட்ட வரலாறு பற்றிக் கால்டுவெல் 1881இல் எழுதியதும், பேட் என்ற அதிகாரி தொகுத்து 1917இல் வந்த கெசட்டியரும் இன்டர்நெட் ஆர்க்கைவில் வேண்டுமென்றால், 'டின்னவெல்லி' என்று வெள்ளைக்காரர்கள் எழுதிய அதே எழுத்துக்கூட்டலில் அடிக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்த அன்று வரலாற்றுத் துறை மாணவி ஒருத்தி என் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அந்தப் பழைய நூல்களில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்றால் 1986இல் பிரிந்த தூத்துக்குடியும் 2019இல் பிரிந்த தென்காசியும் அதற்குள் அடக்கம். இதை மறந்துவிட்டு 'எங்க ஊர் வரலாறே இல்லை' என்று வருத்தப்படுகிற தென்காசிக்காரர்கள் உண்டு.

பழைய தளம் ஒன்றைத் திறந்தால் கன்னாபின்னா எழுத்தாகத் தெரிகிறதா? யூனிகோடு வருவதற்கு முன் திஸ்கி, பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். அந்தப் பக்கங்கள் தேடலில் சிக்காது. எழுத்தை நகலெடுத்து 'பொங்குதமிழ்' மாதிரியான மாற்றியில் ஒட்டினால் வாசிக்கிற தமிழாகிவிடும்.

6. "அட்டை இல்ல, முதப் பக்கம் இல்ல. இது என்ன புஸ்தகம்னு கண்டுபிடிச்சுத் தாரியாய்யா?"

இதைக் கேட்டது ஒரு ஆச்சி. சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பக்கம் 17இல் தொடங்கியது, முடிவும் இல்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று அச்சடித்து மடிப்பார்கள். பைண்டர் வரிசை மாற்றித் தைத்துவிடக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் நூலின் தலைப்புச் சுருக்கமும் ஃபாரம் எண்ணும் போட்டிருப்பார்கள். 17, 33, 49 இந்தப் பக்கங்களின் அடியைப் பாருங்கள். ஆச்சியின் புத்தகத்தில் 33ஆம் பக்க அடியில் 'க. ச. — 3' என்று இருந்தது.

'க' என்றால் கமலா என்று தோன்றியது, கதைக்குள்ளும் கமலாம்பாள் வருகிறாள். ஆனால் கமலா என்று தேடினால் ஊர்ப்பட்ட கமலாக்கள். பக்கத்தைப் புரட்டும்போது 'ஆடுசாபட்டி' என்று ஒரு ஊர்ப்பெயர் கண்ணில் பட்டது. அந்தப் பெயருள்ள அம்மையப்ப பிள்ளை என்றொரு வேடிக்கையான தமிழ் வாத்தியார். அதை அடித்த மறு நொடி விடை வந்தது: ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம், 1893 முதல் தொடராக வந்து 1896இல் நூலான பழைய நாவல். இது தெரியாமல் போனதில் எனக்கே வெட்கமாக இருந்தது. தேடும்போது கதாநாயகி பெயரை விடுங்கள். வேறெங்கும் வராத சொல் எது என்று பார்த்து அதைப் பிடியுங்கள். ஆச்சிக்கு விட்டுப்போன 16 பக்கத்தையும் கடைசி அத்தியாயங்களையும் பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டுச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தோம்.

7. "பேரும் தெரியாது, எழுதினவரும் தெரியாது. கதை மட்டும் ஞாபகம் இருக்கு. கண்டுபிடிக்க முடியுமா?"

கையில் புத்தகமே இல்லாததால் இது ஆறாவதைவிடக் கஷ்டம். ஆனால் அதே வழிதான்: விநோதமான பெயர், தொழில், பொருள் ஏதாவது ஒன்று. 'ஒரு ஏழைப் பொண்ணு கஷ்டப்படுவா' என்றால் ஒன்றும் செய்ய முடியாது. 'பனையேறியோட மகள், பதநீர்ப் பானைக்குள்ள கொலுசை ஒளிச்சு வைப்பா' என்றால் ஒரு பிடி கிடைக்கிறது. அதோடு இரண்டு விவரம்: எந்த ஆண்டு வாக்கில் படித்தீர்கள், எதில் படித்தீர்கள். நம் பக்கத்து வீடுகளில் வார இதழ்த் தொடர்கதையைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள். அப்படிப் படித்தது என்றால் பக்கத்தின் பின்புறம் இருந்த விளம்பரம், படம் போட்டவர் கையெழுத்து இவை கூடத் துப்புத்தான்.

இயந்திரத்தைவிட மனிதர்கள் இதில் கெட்டிக்காரர்கள். வாசகர் குழு ஒன்றில் கதையை நாலு வரியில் எழுதிப் போடுங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் யாராவது பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். சாட்பாட்டிடம் கேட்டு வந்தவர்களும் உண்டு. அது கூசாமல் இல்லாத புத்தகத்துக்கு ஒரு பெயரும் இல்லாத பதிப்பகமும் சொல்லி அனுப்பியிருந்தது. அந்தப் பெயரைத் தேடி ஒரு மதியம் வீணாகப் போனது. அது சொல்லும் பெயர் ஏதாவது ஒரு நூலகப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

8. "திருநெல்வேலி சைவசித்தாந்த கழகம்னு போட்டிருக்கு. அப்போ இது இங்க அச்சடிச்சதா?"

திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920இல் நம் ஊரில்தான் தொடங்கியது. பிறகு சென்னையிலிருந்து ஏராளமாக வெளியிட்டார்கள், பெயரில் மட்டும் ஊர் நிலைத்துவிட்டது. பட்டியல்களில் 'கழக வெளியீடு' என்று சுருக்கமாகவும் இருக்கும். முழுப் பெயரில் கிடைக்காவிட்டால் அப்படித் தேடுங்கள்.

9. "பாளையங்கோட்டை லைப்ரரில கேட்டேன், இல்லன்னுட்டாவ."

மாவட்ட மைய நூலகத்தில் 'இல்லை' என்பதற்குப் பல பொருள் உண்டு. யாரோ எடுத்துப் போயிருக்கலாம், அடுக்கு மாறியிருக்கலாம், பைண்டிங்குக்குப் போயிருக்கலாம். நீங்களே அடுக்கைப் பாருங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் போட, நம் பொது நூலகங்களில் ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை வழக்கம். முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணில் 31 என்பது இலக்கியப் பிரிவில் தமிழைக் குறிக்கும். அதையடுத்து 1 என்றால் கவிதை, 2 நாடகம், 3 கதை. கதைப் பகுதியில் இல்லாத புதுமைப்பித்தன் கட்டுரைப் பகுதியில் படுத்துக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். தாளைப் பார்த்தால் நூலகர் எழுந்து தேடுகிறார்.

இங்கே இல்லையென்றால் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கடைசிப் புகலிடம் சென்னை கன்னிமாரா. 1954இல் வந்த சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூலின் ஒரு பிரதி அங்கே போக வேண்டும். எல்லாப் பதிப்பாளரும் அனுப்புகிறார்கள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

10. "எங்க பாத்தாலும் ஸ்டாக் இல்லங்கான். பதிப்பகத்துக்குப் போன் போட்டா எடுக்கவே மாட்டேங்காவ."

முதலில், அந்தப் புத்தகம் வேறு சட்டையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தனித் தொகுதியாக வந்த சிறுகதைகள் பிற்பாடு 'முழுத் தொகுப்பு' ஒன்றுக்குள் போய்விடும். தனித் தலைப்பில் தேடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. நாட்டுடைமை எழுத்தாளர் என்றால் ஒரே நூலை ஐந்து பதிப்பகம் போட்டிருக்கும். விலை குறைவானதை எடுக்காமல் எழுத்துப்பிழை குறைவானதை எடுங்கள். ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணை மட்டும் நம்பித் தேட வேண்டாம், நம் சிறு பதிப்பகங்கள் பலவற்றில் அந்த எண்ணே இருக்காது.

பிறகு புத்தகத் திருவிழா. பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவில் முன்வரிசையை விட்டுவிட்டுக் கடைக்கு உள்ளே, மேசைக்கு அடியில் கட்டுப் பிரிக்காமல் வைத்திருப்பதைக் கேளுங்கள். பழைய பதிப்புகள் பழைய விலையிலேயே அங்கேதான் கிடக்கும். பழைய புத்தகத்தை இணையத்தில் வாங்கினால் தலைப்புப் பக்கம், விலைப் பக்கம், முதுகு மூன்றின் போட்டோவையும் அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் போடுங்கள். நான் ஒரு தடவை கேட்காமல் அனுப்பி, முதல் பாகத்துக்குக் காசு கொடுத்து இரண்டாம் பாகம் வாங்கினேன். அந்த ஆள் போன் நம்பரே மாற்றிவிட்டார். தபால் செலவுக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். 2025 மே முதல் அஞ்சல்துறையில் புத்தகங்களுக்கென்று ஞான போஸ்ட் வந்திருக்கிறது.

11. "ரிசர்ச் பண்ணுதேன். 1930கள்ல வந்த பத்திரிகை வேணும். கூகுள்ல ஒண்ணுமே இல்லையே?"

கூகுளில் இல்லாததுதான் உலகத்தில் அதிகம். 'மணிக்கொடி' என்ற இலக்கிய இதழ் வந்த அந்தக் காலத்துப் பத்திரிகைகளுக்கு முதலில் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலைப் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அதன் அடித்தளம். அங்கே தேடும்போதும் ஐந்தாவது பதிலில் சொன்ன எழுத்துக்கூட்டல் தொல்லை பொருந்தும். நாட்டார் கதை, வில்லுப்பாட்டு சம்பந்தமாக என்றால் ஊரை விட்டுப் போக வேண்டாம், தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறைக்குப் போங்கள்.

ஸ்கேன் கிடைத்தாலும் அதிலிருந்து எழுத்தை எடுக்கும்போது எச்சரிக்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'னை', 'லை', 'ணா', 'றா' எல்லாம் வேறு உருவம். கூகுள் டாக்ஸ் படத்திலிருந்து தமிழை எடுத்துக் கொடுக்கும். ஆனால் அந்த எழுத்துகளில் தடுமாறும். மேற்கோள் காட்டுவதற்கு முன் ஒரு தடவை படத்தோடு ஒத்துப் பாருங்கள். உ.வே.சா. ஓலைச்சுவடி தேடி ஆழ்வார்திருநகரி வரை வந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியவர். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒத்துப் பார்க்கச் சடைந்துகொள்ளலாமா?

12. "பிள்ளைக்குத் தமிழ் படிக்க வர மாட்டேங்கு. அவனுக்கு ஏதாவது?"

ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்; படிநிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், ஒன்றாம் படியில் பக்கத்துக்குச் சில வரிதான். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் அவன் ரீல்ஸுக்குத்தான் போவான்.

13. "எங்க தாத்தா எழுதின புஸ்தகம், ஒரே ஒரு காப்பி வீட்ல இருக்கு. நெட்ல ஏத்தலாமா?"

தாத்தா காலமாகி 60 ஆண்டு தாண்டியிருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தாண்டவில்லை என்றால் உரிமை வாரிசுகள் எல்லாருக்கும் பொது (மூன்றாவது பதில்). சித்தப்பா, அத்தைமார் உட்பட எல்லாரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தில் ஒரு அத்தையைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். புத்தகம் ஏறுவதற்கு முன்னால் சண்டை ஏறிவிட்டது. பதிப்பகத்துக்கு உரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்பதற்குப் பழைய கடிதங்களையும் பாருங்கள்.

ஸ்கேன் பண்ண முதுகை வெட்டச் சொல்வார்கள், வெட்டாதீர்கள். மேசையில் விரித்து வைத்து, மேலிருந்து பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்தாலே போதும். ஃபிளாஷ் வேண்டாம். மட்கிய காகிதத்தை எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். ஏற்றும்போது தலைப்பு, ஆசிரியர், ஊர், ஆண்டு நான்கையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள். ஒற்றோடு ஒன்று, ஒற்றில்லாமல் ஒன்று. யாரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கச் சம்மதம் என்றால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸுக்கும் அனுப்பலாம். ஓரத்தில் தாத்தா பென்சிலால் ஏதாவது திருத்தியிருந்தால் அழித்துச் 'சுத்தம்' பண்ணிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை, கொஞ்சம் கிட்டே வைத்து எடுங்கள்.